மரியாதைப் பேயின் இரண்டாம் பாகம்

“தாலியக் கழட்டி வெச்சுட்டுப் பாடையில படுக்கோணுமா? எங்கூட்டு மருமகளா?”

சென்னியம்மாள் போட்ட சத்தத்தில் டைரக்டர் சசிதர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

“வெறும் நடிப்புதானுங்கம்மா. முதல் பாகத்துலயும் கோமளாதானுங்களே பேய்?”

“அப்ப அவ கண்ணாலமாகாத புள்ளை. இப்ப எம் பையனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

கோமளா கணவனைப் பார்த்தாள். மோகன்குமார் செல்போனைப் பார்த்தான்.

‘மரியாதைப் பேய்’ முதல் பாகம் தியேட்டரில் மூன்றே நாள்தான் ஓடியது. அப்புறம் செல்போன் செல்போனாகப் பரவி, “ஏனுங்க, கொஞ்சம் பயப்படுங்க” என்று கெஞ்சும் அந்தப் பேய்க்கு ஊரெல்லாம் ரசிகர்கள். அவளை நம்பித்தான் இரண்டாம் பாகமே எடுக்கிறார்கள்.

“எனக்கு ஆசையா இருக்குதுங்க மாமா,” என்றாள் கோமளா அவனிடம், வெட்கத்தை விட்டு.

“அம்மா சொல்லிப்போட்டாங்கல்ல? நடிக்கறதுன்னா இந்த ஊட்டுல இருக்காதே.”

அத்தோடு பேச்சு முடிந்தது. சசிதர் வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்வரைகூட அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.

ஒரு வருசத்தில் படம் வந்தது. கோயமுத்தூர் போய் முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது சென்னியம்மாள்தான்!

திரையில் பேயாக வந்த மும்பைப் பெண் வாயசைக்க, யாரோ குரல் கொடுக்க, பேய் எடுபடவேயில்லை. இடைவேளைக்கு முன்பே, “எங்க கோமளாக்கா எங்கடா?” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.  திரையில் அது கோமளாவின் இடம்.

வெளியே வந்ததும் யூடியூப் சேனல் பெண் ஒருத்தி அடையாளம் கண்டு மைக்கோடு ஓடிவந்தாள். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

“மேடம், நீங்க ஏன் நடிக்கலை? உங்களாலதான் படமே போச்சுன்னு எல்லாரும் திட்டறாங்க.”

கோமளா வாயைத் திறப்பதற்குள் மோகன்குமார் முன்னால் வந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“நடி நடின்னு நான் எவ்வளவோ கெஞ்சினேனுங்க. இவதான் மாட்டேன்னுபோட்டா.”

“எம் மருமகளாட்ட அந்த வேசம் யாருக்குங்க பொருந்தும்? நாங்க சொன்னாக் கேட்டாத்தானுங்களே!” சென்னியம்மாளும் மைக்குக்கு முகத்தை நீட்டினாள்.

அந்தப் பெண் கோமளாவைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“இப்படியொரு ஹஸ்பண்டும் மாமியாரும் கெடைச்சும் வேஸ்ட் பண்ணிட்டீங்களே மேடம்!”