ஆடு கட்டிய முளை

தோட்டத்து மாமரத்துக்கு ஆட்டைக் கண்டாலே ஆகாது. தழையைக் கடித்துவிடுமோ என்று ஓயாத கவலை.

ஒருநாள் மின்கோபுரத்துக்கு அளக்க வந்தவர்கள் மரத்தடியில் முளை அடித்தார்கள். கம்பி போகும் வழியில் மரம் நிற்கக்கூடாதாம். அதைக் கேட்ட மாமரம் இலைகளைத் தொங்கவிட்டது.

விவரம் தெரியாத தோட்டக்காரி அந்த முளையில் ஆட்டைக் கட்டிப் போனாள்.

"ஏன்க்கா வாடிட்டே?" என்றது ஆடு.

"உன்னைக் கட்டின முளைதான்டி எனக்கு எமன்!"

"இதுக்கா அழுவுறே?" ஆடு ஒரே இழுப்பில் முளையைப் பிடுங்கிக்கொண்டு பாறைமேட்டுக்கு ஓடியது. முளை அங்கே பாறை இடுக்கில் மாட்டி நின்றது.

அளக்க வந்தவர்கள் திரும்பி வந்து, பாறைமேட்டில் முளையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். "பாறைன்னா கோபுரம் உறுதியா நிக்கும். விளையற நிலமும் தப்பிக்கும்" என்று அங்கேயே குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாமரம் ஒரு கிளையைத் தாழ்த்தியது. "கொழுந்தாப் பார்த்துத் தின்னு, தாயி."