பத்துப் புது வசதிகள்

“பத்து வசதி வேணுமாம். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள்ள! இல்லேன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்களாம்!”

முதலாளி ஒரு காகிதத்தை மேஜைமேல் வீசினார். தையல் கடைகளுக்கு மென்பொருள் செய்துதரும் சின்னக் கம்பெனி அது. பதினோரு கிளை வைத்திருக்கும் தையற்கடை அக்காதான் பெரிய வாடிக்கையாளர். அவர் போனால் மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்புறம் ஆபீசுக்குப் பூட்டுதான்.

புரோகிராமர் பட்டியலைப் படித்தாள். போன் நம்பரைத் தட்டினால் பழைய அளவு வர வேண்டும். துணியைப் படம் எடுத்து ஆர்டரோடு சேர்க்க வேண்டும். நாள் நெருங்கிய ஆர்டர் சிவப்பாகத் தெரிய வேண்டும்...

“சார், இதெல்லாம்...”

“கஷ்டம்னு மட்டும் சொல்லாதே! நான் புரோகிராம் எழுதின காலத்துல இது ரெண்டு நாள் வேலை. போம்மா, போய் ஆரம்பி!”

மறுநாள் அவள் நாற்காலி காலியாக இருந்தது. முதலாளி போன் செய்தார்.

“எங்கேம்மா இருக்கே?”

“அக்கா கடையில சார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கேன்.”

“ஏன், ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கியா?”

“அக்கா விரல் ஸ்க்ரீன்ல எங்கெங்க போகுதுன்னு பார்க்கிறேன் சார்.”

“இங்க தலை போற வேலை கிடக்கு, நீ விரலைப் பார்க்கிறியா!”

புதன்கிழமையும் ஸ்டூல்தான். வியாழக்கிழமை வந்தாள், ஏதோ செய்தாள், சரியாக ஆறு மணிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல், சண்டைக்குத் தயாராக. புரோகிராமர் திரையை அவர்முன் வைத்தாள். அக்கா சந்தேகத்தோடு ஒரு போன் நம்பரைத் தட்டினார்.

“அட, நம்ம வக்கீல்! மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்த அளவு. இடுப்பு முப்பத்தி நாலு! இப்ப நாப்பது இருக்கும், அது வேற கதை.”

பத்து வசதிகளையும் தட்டிப் பார்த்த அக்காவின் முகம் ஒவ்வொன்றுக்கும் மலர்ந்தது.

“இனிமே பழைய அளவு தேடற நோட்டைத் தூக்கிப் போட்டுடலாம். அடுத்த மாசம் பன்னிரண்டாவது கடை திறக்கிறேன் தம்பி. அங்கேயும் இதையே போட்டுடுங்க!”

அக்கா போனதும் முதலாளி நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

“ஒரே நாள்ல பத்து வசதி! எப்படிம்மா எழுதினே?”

“ஒண்ணுகூட எழுதல சார். பத்தும் ஆறு வருஷமா உள்ளேயேதான் இருக்கு. ஸ்க்ரீன் மூலையில மூணு கோடு இருக்கில்ல, அதைத் தொட்டாத்தான் வெளியே வரும். தையல் கடை மென்பொருள்ங்கிறதால, தையல் மாதிரி அழகுக்குப் போட்டிருக்கோம்னு அக்கா நினைச்சுட்டாங்க. ஒரு நாளும் தொட்டதில்லை. எல்லாத்தையும் அவங்க விரல் போற இடத்துக்கு நகர்த்தினேன், அவ்வளவுதான்.”

முதலாளி மேஜையைத் தட்டினார்.

“இவ்வளவு நல்ல வசதிகளை எழுதினவனைக் கூப்பிடு, கை குடுக்கணும்! அதை மூலையில கொண்டுபோய் ஒளிச்சு வச்சவனையும் கூப்பிடு, காதைத் திருகணும்!”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, யார் எதைச் செய்தார்கள் என்ற பதிவைத் திறந்து, கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

இரண்டு வேலைக்கும் நேராக, ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியில், ஒரே பெயர்தான் இருந்தது. முதலாளியின் பெயர்.