சீதன மொரிஸ்

கராஜ்கார ஜௌபர் நானா சாக்கை விலக்கி அந்த ஜப்பான் எஞ்சினைக் காட்டினார்.

லூசியா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி, பொனட் திறந்து கிடந்த தன் பழைய மொரிஸ் மைனரைப் பார்த்தாள். மாற்றுவதா வேண்டாமா, இரண்டில் ஒன்றை இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

அப்புத்தளைக்கு பஸ் ஏறும்போதே மாற்றிவிடும் முடிவோடுதான் ஏறினாள். கராஜ் வாசலில் கால் வைத்ததும் அது ஆட்டம் கண்டுவிட்டது.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் ஹயருக்குக் கார் ஓட்டுகிற ஒரே பெண் அவள்தான். கிளினிக், பிரசவம், பாம்புக்கடி, எல்லாவற்றுக்கும் லூசியாக்கா கார்தான். ஏற்றம் வந்தால் மட்டும் அது சண்டி மாடு. பெரகலை ஏறி முடிப்பதற்குள், மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பீலி நிறுத்தி, ரேடியேட்டருக்கு ஊற்றி, ஈரச்சாக்குப் போட்டுத் தாஜா பண்ண வேண்டும். அந்தக் காருக்குப் பெட்ரோலை விடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது என்று லயத்து வீடுகளில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

போன சனிக்கிழமை சிரிக்க முடியவில்லை.

லயத்துப் பெரியாயியின் மருமகளுக்கு இடுப்புவலி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றது. எவ்வளவு ஊற்றியும் அசையவில்லை. பின்னால் வந்த மரக்கறி லொறியில், கோவா மூட்டைகளுக்கு நடுவே, அந்தப் பெண்ணை ஏற்றி அனுப்பினார்கள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தது மாதா புண்ணியம். பெரியாயி ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் லூசியாவைப் போட்டுத் தின்றது. இனி ஒருத்தியை எந்த முகத்தோடு இந்த வண்டியில் ஏற்றுவது?

அன்றைக்கே கட்டாருக்குப் போன கணவன் ஜெசிந்தனுக்கு போன் போட்டு அழுதாள். வண்டியை இழுத்துக்கொண்டுபோய் நானாவின் கராஜில் விட்டிருப்பதையும் சொன்னாள்.

எஞ்சினைக் கழற்றவில்லையே என்றுதான் அவன் முதலில் கேட்டான். பிள்ளை பிறந்ததா என்று கேட்கவில்லை.

அவளுக்கு அதுவும் தவறாகப் படவில்லை. மனிதனுக்கு அந்தக் காரின் மேல் அப்படி ஒரு பித்து என்று எடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு அப்பா கொடுத்த சீதனம். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று சொல்லி, கார்ப் புத்தகத்தை அவன் பெயருக்கே மாற்றிக் கொடுத்திருந்தார். எஞ்சினைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம், பிறந்த எஞ்சினோடு இருந்தால்தான் அது மொரிஸ், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பான். புருஷன் ஆசைப்படுவது இது ஒன்றுதானே என்று அவளும் தண்ணீர் சுமந்தாள்.

இப்போதும் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது.

"இந்த ஒரு தடவ பழசையே சரி பண்ணிக் குடுங்க நானா. அவரு நத்தார் பண்டிகைக்கு லீவுல வர்றாரு. பாத்துட்டு சரின்னாருன்னா மாத்திக்கலாம்."

சாக்கை மறுபடி மூடப்போன நானா, குனிந்தவாறே நின்றார்.

"அவருதான் ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போனாரே தங்கச்சி."

லூசியாவுக்கு விளங்கவில்லை. யார் வந்தது என்று கேட்டாள்.

நானா சூதுவாது அறியாத மனிதர். அவளுக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் சொல்கிறோம் என்ற நினைப்பில் சொல்லிக்கொண்டே போனார். ஜெசிந்தன் தம்பி, பழைய கார் வாங்கிச் சேர்க்கிற கொழும்பு ஆள் ஒருவரைக் கூட்டிவந்தாராம். அந்த ஆள் டோர்ச் அடித்து எஞ்சின் நம்பரைப் பார்த்து, மாற்றாத எஞ்சின்தான், அதற்குத்தான் விலை என்று சந்தோஷப்பட்டாராம். வெள்ளிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாக விலை பேசி முடித்தார்களாம். தம்பி ஊருக்குத் திரும்பி ஆறேழு மாதம் ஆகிறதாமே, கொழும்புச் சாப்பாடு நன்றாக ஒத்துக்கொண்டது போல, சதை போட்டிருக்கிறார் என்று சிரிக்கவும் செய்தார்.

லூசியாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

கடல் கடந்து கஷ்டப்படுகிறவன் என்று அவனுக்காக முழங்காலில் நின்று செபமாலை சொல்லியிருக்கிறாள். வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் அவளே வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

"மாத்துங்க நானா."

"வண்டி அவருட பேருலல்லவா இருக்கு?"

"குடுத்தது எங்கப்பா. வெள்ளிக்கெழமைக்கு முந்தி மாத்திடுங்க."

நானா ஜப்பான் எஞ்சின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொரிஸுக்குள் குனிந்தார்.

முதல் நட்டு இளகும்போது போன் அடித்தது. ஜெசிந்தன்தான். வழக்கம்போல குரல் மட்டும், முகம் இல்லை.

கட்டாரில் வெயில் கொளுத்துகிறதாம். வேலை இடுப்பை முறிக்கிறதாம். அதையெல்லாம் சொல்லிவிட்டு, கராஜுக்குப் போனாளா, எஞ்சினை என்ன செய்தாள் என்று கேட்டான்.

நானா துருப்பிடித்த அடுத்த நட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். லூசியா நகர்ந்து போகவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்று, என்றும் இல்லாத அன்போடு பதில் சொன்னாள்.

"கவலப்படாதீங்க. ஒண்ணையும் மாத்தல. எல்லாம் நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."