நூல் பிடிக்காத வேலி

ஆட்டோவிலிருந்து இறங்கியவள் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டாள்.

வேலி தங்க நிறத்தில் இருந்தது.

இருக்கக் கூடாது. கோல்டன் துரந்தாச் செடியின் குணம் அவளுக்குத் தெரியும். நுனியை வெட்டிக்கொண்டே இருந்தால்தான் பொன்னாகத் தளிர்விடும். விட்டுவிட்டால் ஆளுயரத்துக்கு வளர்ந்து வெறும் பச்சைப் புதராகிவிடும். மகளின் பிரசவத்துக்காகப் புனே போனவள் ஐந்து மாதம் கழித்துத் திரும்புகிறாள். புதரைப் பார்க்க மனதைத் தேற்றிக்கொண்டுதான் வந்தாள்.

அவர் வராந்தா நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். அவள் புதுப்புடவை கட்டினாலும் தெரியாது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாலும் தெரியாது.

“செடியை யாரு வெட்டினா?”

“எனக்கென்ன தெரியும்? அது பாட்டுக்கு இருந்துச்சு.”

செடி அது பாட்டுக்கு இருக்காது. மனுஷன் வேண்டுமானால் இருப்பார்.

பொய் சொல்கிறார்.

கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்று போனில் கெஞ்சியபோது, எனக்கு அதெல்லாம் வராது என்று வைத்துவிட்டவர்தான்.

எதிர்வீட்டுத் தேவிகா கேட்டில் கைவைத்து நின்றாள். இந்தச் செடிக்குக் கன்று கொடுத்தவளே அவள்தான்.

“வந்தாச்சாக்கா? செடி எப்படி இருக்கு பாத்தீங்களா?”

சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். தோட்டக் கத்திரி ஆணியில் தொங்கியது. துருப்பிடித்திருக்க வேண்டியதில் எண்ணெய் மினுங்கியது. கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது.

யார் கை நோகாமல் இருக்க?

பெற்ற பெண்ணைக் கவனிக்கப் போனது ஒரு குற்றமா?

கத்திரியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். அடியோடு வெட்டிப் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பிக்கக் குனிந்தாள்.

கை நின்றுவிட்டது.

வேலியின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம்.

அது அவளுடைய பள்ளம். கிழக்கிலிருந்து வெட்டிக்கொண்டு வரும்போது, மேற்கு ஓரம் சேர்வதற்குள் அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். கத்திரி தாழ்ந்துவிடும். தெருவே கேலி செய்யும். தேவிகா நூல் கட்டி வெட்டுகிறவள். அந்தப் பள்ளம் அவளுக்குக் கண்ணில் விழுந்த தூசி. நேராக்கித் தரட்டுமா அக்கா என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள்.

தேவிகா கை பட்டிருந்தால் நேராகியிருக்கும். கூலிக்கு வந்த ஆள் வெட்டியிருந்தாலும்தான்.

பள்ளம் அதே இடத்தில் தொடங்கி, அதே அளவுக்கு இறங்கியிருந்தது. ஐந்து மாதமாகத் தளிர்விடத் தளிர்விட, அப்படியே தாழ்த்தி வெட்டியிருக்கிறது ஒரு கை.

திரும்பிப் பார்த்தாள்.

அவள் வந்ததிலிருந்து அந்தப் பேப்பரில் ஒரு பக்கமும் புரளவில்லை.

இத்தனை வருஷம் அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னதான் படித்தார்?

கண் கலங்கியது. ஆத்திரமும் வந்தது. ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கத்திரியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

பிறகு பெட்டியை எடுக்க வாசலுக்குப் போனாள்.