முனகாத பெட்டி

"சத்தமே வரக் கூடாது பாய். துளிகூட வரக் கூடாது."

தாவூத் பாய்க்கு எரிச்சலாக வந்தது. மலேசியாவின் ஈப்போ டவுனில் பழைய ஐஸ்பெட்டிக் கடை வைத்த நாளிலிருந்து, நல்லாக் குளிருமா என்று கேட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறார். பெட்டி பெட்டியாகக் காதை வைத்துப் பார்த்த ஆசாமி இந்த ஐயாவு ஒருத்தன்தான்.

"மோட்டாருன்னா முனகத்தான் செய்யும். வீட்டுலதான வைக்கப் போறே?"

"வீடு ஏது பாய்? எஸ்டேட்ட வித்து லயத்து வீடுகளையும் இடிச்சுட்டாங்க. பழைய ரொட்டி வேன்லதான் குடித்தனம். பேட்டரியும் ரொம்ப இழுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில ஒரு தங்கச்சிதான் உங்க கடையச் சொல்லுச்சு."

"உள்ள என்ன வைக்கப் போறே?"

"பால் பாய். எடுத்தது டவுனுக்குக் கொண்டுபோற வரைக்கும் கெடாம இருக்கணும்லா."

பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். எஸ்டேட்டுக்காரன் வாயில் பால் என்றால் அது ரப்பர் பால்தான். ஐஸில் வைத்தால் அது உறையாமல் இருக்குமோ என்னவோ, டவுன்காரருக்கு என்ன தெரியும்? மூடிப்போன தோட்டத்தில் இவன் திருட்டுப் பால் எடுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார்.

"சத்தம் வந்தா என்ன ஆயிரும்?"

ஐயாவு குரலைத் தாழ்த்தினான். "அது முழிச்சுக்கும் பாய். எந்திரிச்சுத் தேட ஆரம்பிச்சுரும்."

"எது?"

அவன் அடுத்த பெட்டியில் காதை வைத்தான்.

பாய்க்கு ஊர்ப்பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. குனோங் ராபாட் மலைக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்கும் அந்தத் தோட்டத்தில் பொந்தியானாக் நடமாடுவதாகக் கடைத்தெருவே பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைப்பேற்றில் செத்தவளின் பேயாம், தலைவிரி கோலமாக அழுகிறதாம். திருடனே கிளப்பிவிட்ட கதையாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் தன் கேரவனிலிருந்து கழற்றி விற்றுவிட்டுப் போனது.

"இத எடுத்துக்க. கேஸ்ல ஓடுறது. மோட்டாரும் இல்ல, பேட்டரியும் வேணாம், சின்ன நெருப்புதான். ஆனா வண்டி மட்டமா நிக்கணும், சாஞ்சு நின்னா குளிராது. நாளைக்கு நானே வந்து மட்டம் பாத்துத் தாரேன்."

பேச்சு உபகாரம் மாதிரி இருந்தாலும் அவர் போகப்போவது வேவு பார்க்கத்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அங்கிருந்தே கிளம்பினார். பாவம், அவருக்கும் மனசு சரியில்லாத நேரம். மாசம் நிறையாமல் பிறந்த பேத்தி குல்ஜார் அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருமகள் மெஹர்பானுவுக்குப் பால் ஊறவில்லை. டின் பால் குழந்தை வயிற்றில் தங்கவில்லை. கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்த குழந்தை, இப்போதுதான் கொஞ்சம் குடித்துத் தேறி வந்தது.

"எப்படிம்மா குடிக்குது?" என்று கேட்டதற்கு, "அல்லா குடுக்கறான் மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டாள் மெஹர்பானு.

பக்கத்துக் கட்டில் எஸ்டேட்டுக்காரியோடு ஒட்டாதே, சுத்தம் பத்தம் இருக்காது என்று போன மாசமே அவர் அவளைக் கண்டித்து வைத்திருந்தார்.

தோட்டத்துக்குள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது உச்சி வெயில். இடிந்த லயங்களுக்கு நடுவில் வேன் நின்றது. ஆள் அரவமே இல்லை. எங்கோ ரப்பர் காய் ஒன்று படீரென்று வெடித்ததில் பாய் துள்ளிவிட்டார்.

ரெண்டு மரத்துக்கு நடுவில் சேலைத் தூளி ஒன்று கட்டியிருந்தது. காற்றே இல்லை, ஆனால் தூளி ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

வேனுக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு முனகல் கேட்டது. தாலாட்டா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாய் தானாக ஓத ஆரம்பித்தது.

"பாய், வந்துட்டீங்களா?"

தண்ணி வாளியோடு ஐயாவு வந்து நின்றான். பாய்க்குப் போன உயிர் திரும்பியது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது.

"யாரு அது அங்க?"

"என் வீட்டுக்காரி வீரம்மாதான் பாய். வெறுந்தூளிய ஆட்டிவிட்டுப் பாடிட்டே திரியும். போன மாசம் எங்க புள்ள ஆஸ்பத்திரியிலயே தவறிப் போச்சு. முன்ன ஒரு பழைய பெட்டி வச்சிருந்தோம். அது முனகுனாலே புள்ள அழுவுதுன்னு எந்திரிச்சு வந்து, பெட்டியத் தொறந்து உள்ள தேடும். அத என்னால பாக்க முடியல பாய்."

"நேத்திக்குப் பேய்க்கதை, இன்னிக்குப் புள்ளக்கதையா? யாருகிட்ட அளக்கறே? இது திருட்டுப் பால்தானே?"

"அய்யோ, இது அந்தப் பால் இல்ல பாய்!"

பாய் கேட்கிற நிலையில் இல்லை. வேனில் ஏறி, நேற்று தான் கொடுத்த பெட்டியைத் திறந்தார். சின்னச் சின்னப் போத்தல்களில் வெள்ளையாகப் பால். வாங்குகிறவனுக்குக் காட்டுகிற சாம்பிள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்.

"மொதல்ல இதக் கொட்டறேன். அப்புறம் நேரா போலீஸ் ஸ்டேஷன்."

ஒரு போத்தலைத் திறந்து வாசலில் நின்று சாய்த்தார். ரெண்டு சொட்டு மண்ணில் விழுந்திருக்கும். ஐஸாகக் குளிர்ந்த கை ஒன்று கீழேயிருந்து நீண்டு அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

தலைவிரி கோலத்தில் ஒரு சின்னப் பெண். ரவிக்கையின் முன்பக்கமெல்லாம் ஈரம்.

"கொட்டிராதீங்க பாய்! எம்புள்ளதான் போயிருச்சு, பக்கத்துக் கட்டில் மெஹர்பானு அக்கா மக குல்ஜாராவது பொழைக்கட்டும்."