இரண்டாவது பொட்டலம்

இறையாட்சியிலிருந்து தப்பி மக்களாட்சிக்கு ஓடிவந்த மாசிலாமணிக்கு மேடை கிடைத்தால் போதும்.

"அங்க கல்யாணமோ கடையோ, எதுக்கும் சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். ரெண்டு அரளிப்பூவைப் பொட்டலம் கட்டிப் போட்டு ஒண்ணை எடுப்பாங்க. வெள்ளை வந்தா சரி, சிவப்பு வந்தா கிடையாது. எனக்கு எப்பவும் சிவப்புதான்! அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரிச்சுப் பாக்குற உரிமை இருக்கே, அதுக்குப் பேர்தாங்க மக்களாட்சி!"

கைதட்டல் எழும்போது அவருக்கே கண் கலங்கிவிடும்.

மகள் பொன்னிக்குக் கடலுக்கு அடியில் கட்டிய நகரத்தில் வெல்டர் வேலை கிடைத்தது. அனுப்ப அவருக்கு மனசில்லை. ஊரெல்லாம் சுதந்திரம் பேசிய வாயால் போகாதே என்று சொல்லவும் முடியவில்லை.

"எதுக்கும் பூக்கட்டிப் பாத்துரலாம்மா."

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவன் இந்தப் புத்தியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேனே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் சமையலறைக்குள் போய்த் தானே கட்டிக்கொண்டு வந்து, சாமி படத்தின் முன் போட்டார்.

பொன்னி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு.

"சாமியே வேண்டாங்குது, நான் என்ன பண்றது?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

பொன்னி மற்றதையும் எடுத்தாள்.

"ஏய், அதைப் பிரிக்கக் கூடாது!"

"எந்த நாட்டுலப்பா?" என்று கேட்டுக்கொண்டே நூலை அவிழ்த்தாள்.

உள்ளே இன்னொரு சிவப்பு அரளி இருந்தது. மாசிலாமணிக்கு வழக்கம்போலக் கண் கலங்கியது. கைதட்டத்தான் ஆளில்லை.