பட்டியலில் இல்லாத பாடம்

“ஆறு வருஷமா இந்த மனுஷன் தலையில நான்தான் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கேன், டெனிஸ்” என்றாள் ரோவீனா டாஸ்கர். அவள் மேஜையில் எல்டன் ரீஸ் என்ற பள்ளி ஆசிரியரின் ஏழாவது விண்ணப்பம் விரிந்து கிடந்தது.

பக்கத்துத் தடுப்புக்கு மேலாக டெனிஸ் எட்டிப் பார்த்தாள். “நீ என்னடி பண்ணுவ? சட்டம் அப்படி இருந்துச்சு. இப்பத்தான் மாறிடுச்சே, போன் போட்டு நல்ல சேதி சொல்லு. நடுவுல அழுது தொலைக்காத.”

வாஷிங்டனுக்கு எதிரே, ஆற்றின் இக்கரையில் இருந்த அந்த அரசு அலுவலகம், பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சியும் உதவித்தொகையும் கொடுத்துவந்தது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற நான்கில் ஒன்றைக் கற்பிப்பவர்களுக்கு மட்டும். எல்டன் வருஷா வருஷம் ‘பாடம்’ என்ற கட்டத்தில் ‘கணினி அறிவியல்’ என்று எழுதுவார்.

அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. கணினியும் தொழில்நுட்பம்தானே என்று ரோவீனா ஒருமுறை கேட்டதற்கு, சட்டத்தில் இல்லாததை நாம் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் பக்கத்தைத் தாண்டிப் புரட்டாமலே நிராகரிப்பது அவள் வேலை.

முதல் வருஷம் அச்சடித்த ‘வருந்துகிறோம்’ கடிதத்தை அனுப்ப மனசு வராமல், அடியில் பேனாவால் ஒரு வரி எழுதினாள்: ‘கணினி என்ன பாவம் செய்ததோ எனக்கும் தெரியவில்லை.’ அதற்கு நன்றி சொல்லி, எல்டன் இருந்த மொன்டானா மாநிலத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அடுத்த வருஷம் அந்த ஒரு வரி அரைப் பக்கமானது. போன வருஷம் தாளின் இரண்டு பக்கமும் போதவில்லை.

எல்டனின் பதில்களை மதிய சூப் ஆறிப்போவது தெரியாமல் படிப்பாள். பள்ளிப் பேருந்தே புதைந்துபோகும் பனி. திருத்திக்கொண்டிருந்த வடிவியல் விடைத்தாள்கள் மேல் ஈரக்காலோடு நடந்த பூனை. மனைவி போன பிறகு இரவில் கழுவுவதற்கு ஒரே ஒரு தட்டு மிஞ்சும் சமையலறை.

ரோவீனாவின் வீட்டிலும் ஒரு தட்டுதான். கணவன் பிரிந்துபோனதை அவள் டெனிஸிடம் சொன்னதே ஒரு வருஷம் கழித்துத்தான். மொன்டானாவுக்கு அந்த மாதமே எழுதிவிட்டாள்.

இந்த வாரம் அதிபர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘கணினி அறிவியலும் அடங்கும்’ என்று சட்டத்தில் சேர்ந்துவிட்டது. ரோவீனா எண்களை அழுத்தினாள்.

“எல்டன் ரீஸ் பேசறேன்.” ஆறு வருஷத்தில் அந்தக் குரலை இப்போதுதான் கேட்கிறாள். நினைத்திருந்ததைவிட மென்மையாக இருந்தது.

“மிஸ்டர் ரீஸ், நான் ரோவீனா. ரோவீனா டாஸ்கர்.”

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபட்டது. “மேடம்! நீங்களா? உங்க ஊர்ல எல்லாம் சௌக்கியமா? இடுப்பு வலி எப்படி இருக்கு?”

“அது கிடக்கட்டும். சட்டத்தை மாத்திட்டாங்க! இனிமே கணினியும் பட்டியல்ல சேரும். இந்தத் தடவை உங்களுக்கு உதவித்தொகை கிடைச்சுடும்!”

தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் ஒருமுறை ‘ஹலோ’ சொன்னாள்.

“இருக்கேன், மேடம்” என்றார் அவர். “அப்போ… இந்த வருஷம் நிராகரிப்புக் கடிதம் வராதா?”

“எப்படி வரும்? வாழ்த்துக் கடிதம்ல வரும்! தங்க முத்திரை போட்டு, இயக்குநரே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.”

“அடியில நீங்க எதுவும் எழுத மாட்டீங்களா?”

“அதுல நாங்க யாரும் கை வைக்கக் கூடாது” என்றாள் ரோவீனா. அவள் குரல் ஏனோ இறங்கிப்போயிற்று. எடுத்த காரியத்தை முடித்துவிடலாம் என்று, நேற்றிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். “மிஸ்டர் ரீஸ், ஆறு கோடைகாலம் உங்களுக்குச் சேர வேண்டியதை நான் தடுத்துட்டேன். ஒரு வார்த்தை பட்டியல்ல இல்லைங்கிறதுக்காக. என்னை மன்னிச்சுடுங்க.”

“ஐயோ, நீங்க எதுக்கு மேடம் மன்னிப்புக் கேக்கறீங்க?” அவர் சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க.”

“இந்தப் பள்ளிக்கூடத்துல கணினி வகுப்பு வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். மத்த நேரமெல்லாம் நான் கணக்கு வாத்தியார், மேடம். அது முதல்லேர்ந்தே உங்க பட்டியல்ல இருக்கு.”